247 எழுத்துகளும் 31 விசைகளும்

தமிழில் எழுத்துகள் எத்தனை என்று தரம் 6 படிக்கும் தங்கையிடம் கேளுங்கள். யோசிக்காமல் 247 என்பாள். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. இனி அவளைக் கணினிக்கு முன்னால் உட்காரவைத்து அந்த 247ஐயும் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். விசைப்பலகையில் ஆங்கில எழுத்துகளுக்கென இருப்பவை 26 விசைகள். இலக்கங்களுக்கு 10. அடைப்புக்குறி, காற்புள்ளி போன்றவற்றுக்கு 11. எல்லாம் சேர்த்தால் 47. இந்த 47க்குள் அந்த 247ஐ எப்படி அடக்குவது என்ற கேள்விக்குத் தமிழ் எழுதுவோர் தட்டச்சுப் பொறிக் காலத்திலிருந்தே விடை தேடி வருகிறார்கள்.

மென்பொருள் செய்கிறவர்களிடையே ஓயாத வாதம் ஒன்று உண்டு. தேவையானதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் வெட்டிவிட வேண்டும் என்பார்கள் ஒரு சாரார். பயன்படுத்துவோர் பலவிதமானவர்கள், அவரவருக்கு வேண்டிய மேலதிக வசதிகளும் இருக்கட்டும் என்பார்கள் மற்றவர்கள். எங்கள் தகவல் தொடர்பாடல் தொழினுட்ப வகுப்பிலும் ஒரு நாள் இது மணி அடிக்கும் வரை நீண்டது. வகுப்பில் முக்கால்வாசிப் பேர் எளிமையின் பக்கம். நானும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். ஆனால் "குறைத்துவிட்டால் எளிதாகிவிடும்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு எழும்பிப் போக முடியாது. அதற்குத் தமிழ் விசைப்பலகையை விட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. நாம் எல்லோரும் நாளாந்தம் தொடுகிற பொருள் அது. உம்மா வாப்பா மாமி சாச்சி என்று எவரும் விதிவிலக்கில்லை.

கதை கணினிக்கு முன்பே, அதுவும் எமது நாட்டவர் ஒருவரிடமிருந்து தொடங்குகிறது. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்து மலாயாவுக்குப் போன ஆர். முத்தையா அவர்களைத் தமிழ்த் தட்டச்சுப் பொறியின் தந்தை என்று சொல்வார்கள். ஆங்கிலத் தட்டச்சுப் பொறியில் நாற்பத்துச் சொச்சம் விசைகள்தான். 'ஷிப்ட்' விசையைச் சேர்த்து ஒவ்வொன்றுக்கும் இரண்டு எழுத்து என்று வைத்தாலும் தொண்ணூறைத் தாண்டுவது கடினம். ஒவ்வோர் உயிர்மெய்க்கும் ஒரு விசை என்றால் பொறி மேசையை விடப் பெரிதாகிவிடும்.

அவர் எழுத்துகளைத் துண்டுகளாகப் பார்த்தார். 'கி' என்பது 'க' என்ற உருவமும் அதன் தலையில் ஒரு விசிறியும். 'க்' என்பது அதே 'க'வும் ஒரு புள்ளியும். புள்ளி, விசிறி போன்றவற்றுக்கு 'நகரா விசை' என்ற ஒன்றை அமைத்தார். அதை அழுத்தினால் தாளில் குறி விழும், ஆனால் பொறி அடுத்த இடத்துக்கு நகராது. அதன் பிறகு 'க'வை அழுத்தினால் அது குறியின் கீழே சரியாக வந்து உட்காரும். ஜேர்மனியில் உற்பத்தியாகி வந்த அந்தப் பொறிகளில்தான் பிற்காலத்து அலுவலகத் தமிழ் எழுதப்பட்டது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். எழுதும்போது நாம் 'க' போட்டுவிட்டுத்தான் புள்ளி வைக்கிறோம். பொறியிலோ புள்ளியை முதலில் அடிக்க வேண்டும். விசைகள் குறைந்தன, ஆனால் அந்தக் குறைவுக்கான வேலை தட்டச்சாளரின் விரலுக்குப் போய்விட்டது. அவர் மாதக்கணக்கில் பழகி, தன் கையெழுத்துப் பழக்கத்துக்கு எதிரான ஒரு வரிசையை மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. பொறி எளிமையானது, ஆள் சிக்கலானார்.

இதே விடயத்தைப் பல வருடங்கள் கழித்து அமெரிக்கக் கணினியியலாளர் லாரி டெஸ்லர் ஒரு விதியாகவே சொன்னார். கணினியில் வெட்டி ஒட்டும் வசதியை உருவாக்கியவர்களில் ஒருவர் அவர், 2020இல் காலமானார். எந்த வேலைக்கும் அதற்கேயுரிய ஒரு சிக்கல் இருக்கிறது, அதற்குக் கீழே அதைக் குறைக்க முடியாது என்பது அவர் கருத்து. அந்தச் சிக்கலைச் செய்நிரல் எழுதுபவர் சுமப்பதா, பயன்படுத்துபவர் சுமப்பதா என்பதை மட்டுமே நாம் தீர்மானிக்கலாம். செய்நிரலாளர் ஒரு கிழமை சோம்பல்பட்டால், பயன்படுத்தும் இலட்சம் பேரும் நாளுக்கு ஒரு நிமிடம் கஷ்டப்படுவார்கள். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

கணினி வந்த பிறகு இலங்கையில் கோலோச்சியது பாமினி எழுத்துரு. நகரின் தட்டச்சுக் கடைகளில், கச்சேரிக்குப் போகிறவர்கள் மனு எழுதிக்கொள்ளும் இடங்களில், கலியாணக் கார்ட் அச்சடிக்கும் அச்சகங்களில் இன்றும் பாமினியில் விரல் பறக்கிற அண்ணாமாரையும் ராத்தாமாரையும் காணலாம். அவர்களுடைய வேகத்தைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும்.

பாமினியின் தந்திரம் மிக எளியது. கணினிக்குத் தமிழ் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. ஆங்கில 'ஜே' எழுத்தின் உருவத்தை அழித்துவிட்டு அந்த இடத்தில் 'த' என்று வரைந்துவிட்டால் போதும். திரையில் 'தமிழ்' என்று தெரியும். கணினியின் வயிற்றுக்குள் இருப்பதோ ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். செய்நிரல் எழுதுபவருக்கு இதைவிடச் சுருக்கமான வேலை கிடையாது, எழுத்துருவை வரைந்து கொடுத்தால் முடிந்தது. ஆனால் அந்தக் கோப்பை எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஐந்து ஆங்கிலக் குறிகள் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். வட்ஸ்அப்பில் ஒட்டினாலும் அதே கதி. கூகுளில் தேடினாலும் அகப்படாது. இந்த இதழுக்காகத் தட்டச்சு செய்யப்பட்டு வந்த ஆக்கங்களில் சில அப்படித்தான் வந்து சேர்ந்தன. ஒரு தங்கை எழுதிய கவிதை முழுவதும் அரைப்புள்ளியும் 'கே'யுமாகத் தெரிந்தபோது, இதில் எது எதுகை எது மோனை என்று கேட்டுச் சிரித்தோம். சிரிப்பு அடங்கிய பிறகு யோசித்தால், இருபது வருடங்களில் நம்மவர்கள் பாமினியில் எழுதிச் சேமித்த கட்டுரைகளும் மஹல்லாப் பதிவுகளும் கடிதங்களும் எத்தனை கணினிகளில் இப்படிப் பூட்டிக் கிடக்கின்றனவோ என்று கவலையாக இருக்கிறது.

யுனிகோட் வந்தது இந்தப் பூட்டைத் திறக்கத்தான். உலகின் எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி இலக்கம் கொடுக்கும் முறை அது. 1991இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. தமிழுக்கென ஒதுக்கிய பகுதியில் 128 இடங்கள். இன்று அவற்றில் 72 இடங்களில்தான் குறிகள் இருக்கின்றன. இந்திய எழுத்துகள் பலவற்றுக்கும் பொதுவான ஓர் ஒழுங்கில் அமைத்ததால் 'க'வுக்கும் 'ங'வுக்கும் நடுவே மூன்று இடங்கள் வெறுமையாக நிற்கின்றன. வேறு மொழிகளில் அங்கே நமக்கில்லாத மூன்று எழுத்துகள் இருக்கும்.

இந்த 72இலும் இலக்கங்கள், கிரந்த எழுத்துகள், நாள், மாதம், வருடம் போன்றவற்றுக்கான பழைய அடையாளங்கள் எல்லாம் அடக்கம். 247 எழுத்துகளுக்கு உண்மையில் வேண்டியவை இன்னும் குறைவு. கணக்குப் பார்ப்போம். உயிர் 12. அகரம் ஏறிய 'க' முதல் 'ன' வரை 18. மற்ற பதினோர் உயிர்களுக்கும் கால், கொம்பு, விசிறி போன்ற 11 குறிகள். ஒரு புள்ளி. ஓர் ஆய்தம். கூட்டினால் 43. இந்த 43 துண்டுகளைச் சேர்த்துச் சேர்த்தே 247ஐயும் கட்டிவிடலாம். முத்தையா அவர்கள் இரும்பில் செய்ததை யுனிகோட் இலக்கத்தில் செய்திருக்கிறது என்று சொல்லலாம்.

அழகான எளிமை. எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் இதிலும் சுமை எங்கோ போயிருக்க வேண்டுமே?

பைதன் மொழி படிக்கும் உயர்தர மாணவிகள் வீட்டில் ஒன்றைச் செய்து பாருங்கள். 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் எவ்வளவு என்று கணினியிடம் கேளுங்கள். தரம் 1 பிள்ளை மூன்று எழுத்து என்று சொல்லும். கணினி 5 என்று சொல்லும். த, ம, விசிறி, ழ, புள்ளி என்று அது எண்ணுகிறது. அதே சொல்லைத் தலைகீழாகத் திருப்பச் சொன்னால், புள்ளி முதலில் வந்து பிடித்துக்கொள்ள எழுத்தில்லாமல் ஒரு வட்டத்தின் மேல் தொங்கும். 'திருகோணமலை' நமக்கு ஆறெழுத்து, கணினிக்குப் பத்து. 'பாத்திமா ஹாஜரா' என்ற பெயரில் ஏழு எழுத்துகள் இருக்கின்றன. கணினி அதை, நடுவிலுள்ள இடைவெளியோடு, 14 என்று எண்ணும். ஒன்லைன் விண்ணப்பப் படிவம் செய்கிறவர் 'பெயருக்கு 20 எழுத்து போதும்' என்று ஆங்கிலக் கணக்கில் நினைத்து எல்லை வைத்தால், தமிழில் பதினோராம் எழுத்தையொட்டிப் பெயர் வெட்டுப்பட்டுவிடும். வாப்பாவின் பெயரையும் சேர்த்தெழுதும் நமது நீண்ட பெயர்களுக்கு இது சின்ன விடயமல்ல. பெயர் ஒரு தாளில் ஒரு மாதிரியும் இன்னொரு தாளில் இன்னொரு மாதிரியும் இருந்தால் எத்தனை அலைச்சல் என்பது பெற்றோருக்குத் தெரியும்.

குறுஞ்செய்தியிலும் இதே கதைதான். ஆங்கிலத்தில் எழுதினால் ஒரு செய்தியில் 160 குறிகள் எழுதலாம். ஒரேயொரு தமிழ் எழுத்து கலந்தாலும் எல்லை 70 ஆகச் சுருங்கிவிடும். அந்த எழுபதிலும் துண்டு துண்டாகவே எண்ணப்படும். இடைவெளி விடாமல் எழுதினால் ஏழு 'திருகோணமலை'யோடு செய்தி நிரம்பிவிடும். அதற்கு மேல் இரண்டாவது செய்திக்கும் காசு. மேசையில் அமர்ந்து குறிகளை மிச்சப்படுத்தியவர்களின் எளிமைக்கு, தமிழில் செய்தி அனுப்புகிறவர் தன் மீள்நிரப்பு அட்டையிலிருந்து பங்கு கொடுத்திருக்கிறார். நம்மில் பலர் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதப் பழகியதற்கு அந்தக் காலத்துக் கைத்தொலைபேசிகளில் தமிழ் தெரியாதது ஒரு காரணம் என்றால், இந்தக் கணக்கும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

இதற்கு எதிர்ப்புறமும் ஒன்று இருக்கிறது. ஒவ்வோர் எழுத்துக்கும், 'கி', 'கீ', 'கு' என்று தனித்தனியே, ஓர் இடம் கொடுக்கும் குறியேற்றம் ஒன்றைத் தமிழ்நாட்டு அறிஞர்கள் வகுத்தார்கள். 'டேஸ் 16' என்பது பெயர். 2010இல் தமிழ்நாடு அரசு யுனிகோடையும் இதனையும் தரமாக அறிவித்தது. இதில் 'தமிழ்' என்பது மூன்றேதான். எண்ணுவது, திருப்புவது, அகரவரிசைப்படுத்துவது எல்லாம் சுலபம். இடம்தான் நிறைய வேண்டும். ஆனாலும் உலகம் யுனிகோடோடு போய்விட்டது. எமது நாட்டிலும் 2008இல் வெளிவந்த எஸ்.எல்.எஸ். 1326 என்ற இலங்கைத் தரம் யுனிகோடையே ஏற்று, அதனோடு ரெங்கநாதன் விசைப்பலகையையும் சேர்த்தது. எல்லோரும் ஒரே முறையில் எழுதினால்தான் ஒருவர் எழுதியதை மற்றவர் வாசிக்கலாம். அதற்காக எண்ணிக்கைச் சிக்கலைச் செய்நிரலாளர்கள் சுமக்கட்டும் என்பதே என் முடிவு. துண்டுகளைச் சேர்த்து எழுத்தாக எண்ணுகிற செய்நிரல் எழுதுவது பெரிய வித்தையல்ல. உயர்தர மாணவியே எழுதலாம்.

இனி விசைப்பலகைக்கு வருவோம். 1999 பெப்ரவரியில் சென்னையில் தமிழிணையம் 99 மாநாடு நடந்தது. அதில் உருவானது 'தமிழ் 99' விசைப்பலகை. உயிர் 12, மெய்க்கு 18, ஆய்தம் 1, மொத்தம் 31 விசைகள். ஆங்கில எழுத்து விசைகள் 26இனதும் மேல் உட்கார்ந்துவிட்டு, பக்கத்திலுள்ள குறியீட்டு விசைகளில் ஐந்தை மட்டும் கடன் வாங்கியிருக்கிறது. உயிர்கள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். கால், கொம்பு, விசிறி ஒன்றுக்கும் விசை இல்லை. 'கி' வேண்டுமா? 'க' அழுத்தி 'இ' அழுத்துங்கள். குறி எது, அது முன்னால் வருமா பின்னால் வருமா, தலையில் ஏறுமா என்பதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். இலக்கணத்தில் 'க் + இ = கி' என்று படித்த பிள்ளைக்குப் புதிதாகப் படிக்க ஒன்றுமில்லை.

புள்ளிக்குத்தான் நல்ல வேலை செய்திருக்கிறார்கள். ஒரே மெய்யை இரண்டு முறை அழுத்தினால் முதலாவதுக்குத் தானாகவே புள்ளி விழும். 'அம்மா' எழுத அ, ம, ம, ஆ என்று நான்கே அழுத்தல். 'கிண்ணியா' எழுத க, இ, ண, ண, இ, ய, ஆ. மெல்லினத்துக்குப் பின் அதன் இன வல்லினம் வந்தாலும் அப்படியே. 'ங'வும் 'க'வும் அழுத்தினால் 'ங்க', 'ந'வும் 'த'வும் அழுத்தினால் 'ந்த', 'ன'வும் 'ற'வும் அழுத்தினால் 'ன்ற'. தொல்காப்பிய காலத்திலிருந்து தமிழ் ஒலிகள் எப்படிச் சேரும் என்று இலக்கணகாரர் சொல்லி வந்ததை மென்பொருள் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது. இப்படித் தானாக விழாத புள்ளிக்கு மட்டும் ஆய்த விசையை நாம் அழுத்த வேண்டும். 'கப்பல்' என்றால் க, ப, ப, ல, கடைசியில் அந்த விசை.

'பாத்திமா' என்று எழுதி எண்ணிப் பார்த்தேன். தமிழ் 99இல் 7 அழுத்தல். பாமினியில் 8. ஆங்கில ஒலியில் பீ, ஏ, ஏ, டீ, எச் என்று தொடங்கி எழுதினால் 11. சின்ன வித்தியாசம் போலத் தெரியும், ஆனால் பத்துப் பக்கக் கட்டுரை எழுதும்போது விரல்களுக்குத் தெரியும். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, ஆங்கில ஒலியில் எழுதும்போது 'பாத்திமா' என்ற சொல் மனதில் முதலில் ஆங்கில எழுத்தாக வருகிறது. தமிழ் எழுதும்போது தமிழாகவே நினைக்க விடுகிற கருவிதான் எனக்கு வேண்டும்.

குறை இல்லாமலில்லை. சதுர அடைப்புக்குறிகள் இருந்த இடத்தில் 'ச'வும் 'ஞ'வும் இருப்பதால், பைதன் எழுதும்போது ஒவ்வொரு முறையும் ஆங்கிலத்துக்கு மாற வேண்டியிருக்கிறது. அதை நான் மன்னித்துவிட்டேன்.

இதுவரை வாசித்தால் நான் முழுக்க முழுக்கக் குறைப்பின் ஆள் என்று தோன்றும். ஆனால் குறைக்கிறவர்களின் கத்தி சில நேரம் நம் பக்கம் திரும்பும். தமிழ் 99இன் 31 விசைகளில் ஸ, ஷ, ஜ, ஹ இல்லை. அவை 'ஷிப்ட்' விசையோடு சேர்த்து அழுத்தினால்தான் வரும். தூய தமிழுக்கு அவை தேவையில்லை, வேண்டியவர் ஒரு விசை கூடுதலாக அழுத்தட்டும் என்பது அந்த வடிவமைப்பின் நியாயம். தமிழ்நாட்டு மேசையிலிருந்து பார்த்தால் அது நியாயம்தான். எங்கள் வகுப்பு இடாப்பிலிருந்து பாருங்கள். ஸைனப், ஹாஜரா, ஷிபானா, ஜெஸீமா, ஹஸ்னா! ஆசிரியர் காலையில் பெயர் கூப்பிடும்போது இந்த 'மேலதிக' எழுத்துகள் இல்லாமல் நாலு பேரைக் கூடத் தாண்ட முடியாது. ஒருவருக்கு மேலதிகம் இன்னொருவருக்குத் தன் பெயரின் முதல் எழுத்து. நல்ல வேளையாக அவற்றை முற்றாக வெட்டிவிடாமல் ஷிப்டுக்குக் கீழே வைத்தார்கள். 'ஹாஜரா' எழுத ஐந்து அழுத்தல்களும் இரண்டு ஷிப்டும் போதும். அடிக்கடி வேண்டாததை ஒரு படி தள்ளி வை, ஆனால் வாசலை அடைத்துவிடாதே என்ற இந்த வழி எனக்குச் சரியாகப் படுகிறது. அதில் ஒரே கேள்வி, 'அடிக்கடி' என்பதை யாருடைய எழுத்தை வைத்து எண்ணினார்கள் என்பதுதான்.

நம் முன்னோர் இதே கேள்விக்கு எதிர்த் திசையிலிருந்து விடை சொல்லியிருக்கிறார்கள். அரபு எழுத்து 28. தமிழின் ப, ட, ண, ள, ழ போன்றவற்றுக்கு அதில் இடமில்லை. தமிழை அரபு எழுத்தில் எழுத விரும்பிய ஆலிம்கள் இருக்கிற எழுத்துகளில் புள்ளிகளைக் கூட்டிப் புதிய எழுத்துகளை ஆக்கிக்கொண்டார்கள். அதுதான் அரபுத் தமிழ். 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் அதில் நூல்கள் எழுதினார்கள். இலங்கையிலும் எத்தனையோ வீடுகளில் பெண்கள் அரபுத் தமிழில்தான் மார்க்க விடயங்களை வாசித்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப்படாத பெண்களுக்கும் குர்ஆன் ஓதத் தெரிந்திருந்ததால், சில எழுத்துகளைக் கூட்டியதாலேயே அவர்களுக்கு ஒரு வாசிப்பு உலகம் திறந்தது. இருபத்தெட்டே போதும் என்று யாராவது எளிமை பேசியிருந்தால் அந்த வாசல் இல்லை.

யுனிகோடும் பின்னாளில் சிலவற்றைக் கூட்டிக்கொண்டது. 2019இல் முந்திரி, மாகாணி முதலிய பழைய பின்னங்களும் அளவைக் குறிகளுமாக 51 அடையாளங்கள் தமிழுக்குச் சேர்க்கப்பட்டன. முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு. நம்மில் யாரும் அதை வட்ஸ்அப்பில் அனுப்பப் போவதில்லை. பழைய உறுதிகளையும் ஓலைக் கணக்குகளையும் கணினியில் ஏற்றுகிறவருக்கு அது இல்லாமல் முடியாது. அது தனிப் பகுதியில் ஓரமாக இருக்கிறது, நமக்கு ஒரு தொந்தரவும் இல்லை.

எத்தனை முறை பயன்படுகிறது என்பதை மட்டும் வைத்து ஒன்றை வெட்டலாமா என்று யோசித்தபோது எனக்குச் சாச்சாவின் ஞாபகம் வந்தது. துறைமுக வாயைத் தாண்டி மீனுக்குப் போகிறவர். படகில் ஒரு ஜீ.பி.எஸ். கருவி இருக்கிறது. அதன் பட்டியலில் எத்தனையோ வசதிகள், எல்லாம் ஆங்கிலத்தில். சாச்சா பாவிப்பது இரண்டே இரண்டு. மீன் படும் இடத்தைக் குறித்து வைப்பது ஒன்று, குறித்த இடத்துக்கு வழி கேட்பது மற்றது. அந்த இரண்டை மட்டும் வைத்து ஒரு கருவி செய்தால் விலையும் குறையுமே சாச்சா என்றேன். அவர் கருவியில் ஒரு விசையைக் காட்டினார். ஆள் கடலில் விழுந்தால் அதை அழுத்த வேண்டும், விழுந்த இடத்தைக் கருவி அந்தக் கணமே பிடித்துக்கொள்ளும், இருட்டிலும் திரும்பி அந்த இடத்துக்கே வரலாம். "எத்தனை தரம் அழுத்தியிருக்கீங்க?" என்று கேட்டேன். "அல்லாஹ்ட காவல், ஒரு தரமும் இல்ல. ஆனா அது இல்லாத கருவிய நான் வாங்க மாட்டன் மகள்" என்றார். பயன்பாட்டுக் கணக்கில் அந்த விசைக்குப் பூச்சியம் புள்ளி. இந்த மாதிரி விசைகளை எண்ணிக்கை பார்த்து வெட்டுகிறவர் கடலுக்குப் போகாதவராகத்தான் இருப்பார்.

கைத்தொலைபேசி விசைப்பலகையில் உள்ள மைக் படமும் அப்படித்தான். எனக்கு அது இடத்தை அடைக்கும் ஒரு படம். என் உம்மும்மாவுக்குக் கண்ணும் மங்கல், விரலும் நடுக்கம். கட்டாரில் இருக்கும் மாமாவுக்கு அவர் தமிழில் எழுத்தாகவே செய்தி அனுப்புவது அந்த மைக்கால்தான். எங்கள் பக்கத்துப் பேச்சு வழக்கு அதற்கு அரைகுறையாகத்தான் விளங்குகிறது, சில நேரம் வேறெதையோ எழுதிவைக்கும். ஆனாலும் மாமாவுக்குப் புரிந்துவிடுகிறது.

அப்படியானால் எல்லாவற்றையும் வைத்துவிடலாமா? கூடாது என்பதற்கும் அதே கைத்தொலைபேசியே சாட்சி. செயலிக் கடையில் 'தமிழ் விசைப்பலகை' என்று தேடினால் டசின் கணக்கில் வரும். அசையும் படங்கள், வண்ணப் பின்னணிகள், விளம்பரங்கள், நம் படத்தையே விசைகளுக்குப் பின்னால் போடும் வசதி. எங்கள் வகுப்பில் பலர் இவற்றை இறக்கி வைத்திருக்கிறார்கள். இங்கே பெற்றோர் சற்று நின்று வாசிக்க வேண்டும். விசைப்பலகை மற்றச் செயலிகளைப் போன்றதல்ல. நாம் அழுத்தும் ஒவ்வொரு எழுத்தும் அதனூடாகத்தான் போகிறது. உறவினருக்கு எழுதும் செய்தி, கடவுச்சொல், வங்கி அட்டை இலக்கம் எல்லாம். அன்ட்ரொயிட் தொலைபேசியில் புதிய விசைப்பலகையைச் செயற்படுத்தும்போது, நீங்கள் அழுத்தும் அனைத்தையும் இந்தச் செயலி சேகரிக்கக்கூடும் என்ற பொருளில் ஓர் எச்சரிக்கை வரும். நாம் வாசிக்காமல் 'சரி' என்று அழுத்திவிடுகிறோம். எழுத மட்டும் வேண்டிய ஒரு கருவி எதற்காக நம் தொடர்பு இலக்கங்களையும் புகைப்படங்களையும் கேட்கிறது? வண்ணப் பின்னணிக்காக என்று அது சொல்லும். சாச்சாவின் விசை சாச்சாவுக்காக இருக்கிறது. இந்த வசதிகளில் பல, விளம்பரக்காரனுக்காக நம் கைத்தொலைபேசியில் இருக்கின்றன. தேவையில்லாத வசதி சும்மா கிடந்தால் பரவாயில்லை. இவை சும்மா கிடப்பதில்லை. உங்கள் மகளின் கைத்தொலைபேசியில் எந்த விசைப்பலகை இருக்கிறது, அது என்னென்ன அனுமதிகளை வாங்கியிருக்கிறது என்று இன்றிரவே சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். அவளைச் சந்தேகப்பட்டு அல்ல, செயலியைச் சந்தேகப்பட்டு.

தமிழ் 99 எழுதுவதற்குப் புதிதாக எதையும் இறக்கத் தேவையில்லை. அண்மைக்கால விண்டோஸ் கணினிகளின் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் விசைப்பலகைத் தெரிவுகளில் அது இருக்கும். ஐபோனிலும் கூடவே வருகிறது. பாமினியில் எழுதிப் பழகியவர்கள் பழைய கோப்புகளை யுனிகோடுக்கு மாற்றித் தரும் மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கோப்பில் இருப்பது எழுத்துக்கெழுத்து மாற்றும் வேலைதான் என்பதால் அவை பெரும்பாலும் சரியாகவே மாற்றும். மாற்றிய பிறகு ஒரு முறை வாசித்துப் பார்ப்பது நல்லது. அடுத்த இதழுக்கு ஆக்கம் தருகிறவர்கள் யுனிகோடில் தந்தால், தட்டச்சு செய்யும் எங்கள் நால்வரின் துஆ நிச்சயம்.

பழக எத்தனை நாள் ஆகும் என்று கேட்பீர்கள். முதலில் உங்கள் பெயரை எழுதுங்கள், பிறகு உம்மாவின் பெயர், பிறகு ஊரின் பெயர். தொடக்கத்தில் எல்லோரையும் தடுக்கி விழுத்தும் சொல் 'பப்பாளி'. ப, ப, ப என்று அழுத்தினால் மென்பொருள் முதல் 'ப'வுக்கே புள்ளி வைத்துவிடும். ஆகவே ப, பிறகு அ, அதன் பிறகு ப, ப, ஆ, ள, இ.